விமானிப் பட்டப்படிப்பு என்ற பெயரில் நாங்கள் ஏமாந்த விவரம்

நான் நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே விமானியாக வேண்டும் என்று சொல்லிவந்தவள். அவளை 2022-ஆம் ஆண்டு ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாண்டு பி.எஸ்சி. ஏவியேஷன் படிப்பில் சேர்த்தோம். படிப்பு முடியும்போது பட்டமும் வணிக விமானி உரிமமும் சேர்ந்தே கைக்கு வந்துவிடும் என்று சேர்க்கையின்போது எங்களிடம் உறுதி கூறினார்கள். கல்விக் கட்டணமாக 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயும் பறக்கும் பயிற்சிக்கென்று முன்பணமாக 18 லட்சம் ரூபாயும் கட்டினோம். 2025-இல் அவள் வீடு திரும்பியபோது ஒரு பட்டமும், லாக் புக்கில், அதாவது பறந்த நேரத்தைப் பதியும் ஏட்டில், 38 மணி 20 நிமிடப் பறத்தல் நேரமும் மட்டுமே இருந்தன. உரிமத்துக்கு வேண்டியது 200 மணி நேரம். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் கல்லூரியின் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் எங்களை ஏமாற்றிய முறை ஒரே கல்லூரியோடு நிற்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வரும் ஒவ்வோர் ஆண்டும் வேறு பெற்றோர் இதே வாசலில் நிற்பார்கள் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதல் ஏமாற்றம் கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. விமான நிறுவனங்களில் சேரப் பட்டம் கட்டாயம் என்றும், பட்டம் இல்லாதவர்கள் துணை விமானியாகவே நின்றுவிடுவார்கள் என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். இந்தியாவில் விமானி உரிமத்தை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. அது கேட்கும் கல்வித் தகுதி இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறிய பிளஸ் டூ மட்டுமே. வயது 18 நிறைந்திருக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், எழுத்துத் தேர்வுகளில் ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு வேண்டும், பறத்தல் நேரம் வேண்டும். பட்டம் என்ற சொல் அந்த விதியில் எங்கும் இல்லை. வணிகவியல் எடுத்துப் படித்தவர்கள்கூட தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இயற்பியலையும் கணிதத்தையும் தனியாக எழுதித் தேறி உரிமம் பெற்றிருக்கிறார்கள்.

கையேட்டில் வந்த இந்தக் கருத்துக்கு மூலம் அமெரிக்காவாகத்தான் இருக்க வேண்டும் என்று பின்னர் தேடிப் படித்தபோது புரிந்துகொண்டேன். 2009-இல் அங்கே பஃபலோ நகருக்கு அருகில் ஒரு பயணிகள் விமானம் விழுந்து அதிலிருந்த அனைவரும் இறந்த பிறகு, விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே 1,500 மணி நேரப் பறத்தல் வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானத் துறையில் நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கு அது 1,000 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே அந்த நாட்டில் பட்டத்துக்கு உண்மையாகவே ஒரு மதிப்பு உண்டு. இந்தியாவில் அப்படியொரு சலுகையே இல்லாதபோது, அந்த நாட்டு நிலையை நம் நாட்டு விதியைப்போல எழுதி எங்களிடம் நீட்டினார்கள். நான் கணிதம் கற்பிப்பவள். ஒரு கூற்றைக் கேட்டால் நிரூபணம் கேட்டுப் பழகியவள். அன்று கேட்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

பட்டமும் பறத்தலும் சேர்ந்து நடக்கும் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. அங்கே உரிமத்துக்கான பயிற்சியோடு பி.எஸ்சி. ஏவியேஷன் படிக்கவும் வழி உண்டு. ஆனால் அது முதலில் ஒரு பறக்கும் பள்ளி. சொந்த ஓடுதளமும் சொந்த விமானங்களும் உண்டு. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். எங்கள் கல்லூரியில் நுழைவுத் தேர்வு எதுவும் இல்லை. சேர்க்கை அலுவலர் என் மகளின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த மார்க்குக்கு உங்கள் பெண் கேப்டன்தான்" என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வளாகத்தின் நடுவில் செஸ்னா 152 என்ற சிறிய பயிற்சி விமானம் ஒன்று நின்றிருந்தது. அதன் அருகில் பெற்றோரும் பிள்ளைகளும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம். அதற்குள் எஞ்சின் இல்லை என்பதை என் மகள் இரண்டாம் பருவத்தில்தான் தெரிந்துகொண்டாள். விமானம் ஓட்டுவதைத் தரையிலேயே பழகும் சிமுலேட்டர் என்று காட்டிய அறையில் திரைகளும் கைப்பிடியும் இருந்தன. ஆனால் அந்தக் கருவிக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் கிடையாது. உரிமத்துக்கு வேண்டிய 10 மணி நேரக் கருவிப் பறத்தலில், அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதில், 5 மணி நேரம் வரை சிமுலேட்டரில் செய்யலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி அங்கீகரிக்கப்பட்டதாக இருந்தால்தான் அந்த நேரம் கணக்கில் சேரும். அவள் அந்த அறையில் செலவிட்ட நேரம் முழுவதும் லாக் புக்கில் ஒரு நிமிடமாகக்கூட ஏறவில்லை.

வகுப்புகளிலும் இதே குழப்பம்தான். வானிலையியல், வான்வழி நடத்துதல் (நேவிகேஷன்), விமான விதிமுறைகள் என்று பாடங்களின் பெயர்கள் டி.ஜி.சி.ஏ. தேர்வின் பெயர்களாகவே இருந்ததால், பருவத் தேர்வில் தேறினால் உரிமத் தேர்விலும் தேறியதாகும் என்று பிள்ளைகள் நம்பினார்கள். இரண்டும் வெவ்வேறு. பருவத் தேர்வில் 84 வாங்கிய என் மகள், டி.ஜி.சி.ஏ.வின் நேவிகேஷன் தாளை முதல் முறை எழுதியபோது 52 மதிப்பெண்தான் பெற்றாள். விமானிகள் கணக்கிடப் பயன்படுத்தும் ஃப்ளைட் கம்ப்யூட்டர் என்ற வட்ட வடிவத் தட்டைக் கையில் எடுத்து, காற்றால் விமானம் விலகும் அளவைக் கணக்கிடக் கல்லூரியில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. பின்னர் தனியாக ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டித்தான் அவள் அந்தத் தாள்களில் தேறினாள். தேர்வு எழுத டி.ஜி.சி.ஏ.விடம் கம்ப்யூட்டர் எண் என்ற பதிவு எண்ணைப் பெற வேண்டும். "அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிச் சொல்லியே ஒன்றரை ஆண்டு கடத்தினார்கள். கடைசியில் அவளே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொண்டாள்.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று மருத்துவச் சோதனை. விமானியாகப் படிக்கத் தொடங்குமுன் டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும், அதன்பின் முதல் வகுப்புச் சான்றும் பெற வேண்டும். முதல் வகுப்புச் சோதனை நடக்கும் இடங்களுள் பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனமும் ஒன்று. முறையான பள்ளிகள் பணம் வாங்கும் முன்பே இந்தச் சான்றைக் கேட்கின்றன. எங்கள் கல்லூரி கேட்கவில்லை. இரண்டு ஆண்டுக் கட்டணமும் பறக்கும் முன்பணமும் வாங்கிய பிறகுதான் பிள்ளைகளை அனுப்பினார்கள். என் மகளோடு படித்த ஒரு பையன் நிறங்களைப் பிரித்தறியும் சோதனையில் தேறவில்லை. சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. அது பிறவியிலேயே வருவது, ஆண்களில் சில விழுக்காட்டினருக்கு இருப்பது, புள்ளிகளாலான சில அட்டைகளைக் காட்டினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுவது. அவனுடைய தந்தை லாரி வைத்துத் தொழில் செய்பவர். ஒரு லாரியை விற்று அந்தப் பணத்தைக் கட்டியிருந்தார். முதல் நாளே அந்த அட்டைகளைக் காட்டியிருந்தால் அந்த லாரி அவரிடமே இருந்திருக்கும்.

பறக்கும் பயிற்சிக்கு மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஒரு பயிற்சிப் பள்ளியோடு ஒப்பந்தம் இருப்பதாகச் சொல்லி 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அனுப்பினார்கள். பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருந்தது. ஆனால் அங்கே மூன்று விமானங்களில் பெரும்பாலான நாட்களில் ஒன்றுதான் பறக்கும் நிலையில் இருந்தது. ஒன்று பராமரிப்புச் சோதனையில் நிற்கும், இன்னொன்று உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும். பயிற்றுநர்கள் பாதியில் வேறு பள்ளிகளுக்குச் சென்றுவிட்டார்கள். மழைக் காலத்தில் வாரக்கணக்கில் மேகம் விலகவில்லை. இவற்றில் சில எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியவை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வானம் தெளிந்த நாட்களிலும் எங்கள் பிள்ளைகளின் பெயர் பறக்கும் பட்டியலில் வரவில்லை. அதன் காரணம் அவள் அங்கே சென்ற பத்தாவது மாதத்தில் தெரிந்தது. எங்களிடம் 18 லட்சத்தை மொத்தமாக வாங்கிய கல்லூரி, பயிற்சிப் பள்ளிக்கு முதல் தவணையை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தியிருந்தது. நேரடியாகப் பணம் கட்டிய மாணவர்கள் காலையில் பறந்தார்கள். கல்லூரி வழியாக வந்த பிள்ளைகள் விமானக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் ஒரு நாள் இரவு பேசும்போது, "அம்மா, இன்றைக்கும் விமானத்தைக் கழுவினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியானாள்.

ரசீதுகளை அப்போதுதான் எடுத்து நிதானமாகப் படித்தேன். கல்விக் கட்டண ரசீது கல்லூரியின் பெயரில் இருந்தது. 18 லட்சத்துக்கான ரசீது ஓர் அறக்கட்டளையின் பெயரில், "திறன் மேம்பாட்டுக் கட்டணம்" என்ற தலைப்பில் இருந்தது. பறக்கும் பயிற்சி என்ற சொல்லோ, எத்தனை மணி நேரம் என்ற எண்ணோ அதில் இல்லை. வங்கிக் கடனுக்காக வீட்டு மனையை அடமானம் வைத்தபோது, வங்கி மேலாளர் பயிற்சிப் பள்ளியின் கட்டண விவரத்தைக் கேட்டார். கல்லூரி கொடுத்த கடிதமே போதும் என்று அவரிடம் வாதாடி வாங்கியவள் நான்தான்.

இந்தத் துறையில் தாமதத்துக்குத் தனி விலை உண்டு என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது காட்டும் 200 மணி நேரமும் முந்தைய 5 ஆண்டுகளுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும், அதில் 15 மணி நேரமாவது கடைசி 6 மாதங்களுக்குள் இருக்க வேண்டும். பாதியில் நின்றுபோனால், பறந்த நேரமும் காலப்போக்கில் கணக்கிலிருந்து கழிந்துகொண்டே போகும். இந்த அவசரத்தைப் பயன்படுத்தி, பறக்காத நேரத்தை எழுதித் தருவதாகச் சொல்லும் தரகர்களும் எங்களைத் தேடி வந்தார்கள். 2011-இல் போலி மதிப்பெண் சான்றுகளோடு பறந்த விமானிகள் கைதானதை நான் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். அந்தத் தரகர்களை என் கணவர் வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். நூற்றைம்பது பேரைச் சுமந்து செல்லப்போகிறவளுடைய லாக் புக்கில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியைக் காட்டினார்கள். சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பின் 30 நாட்கள் கடந்துவிட்டால் கட்டணம் திரும்பாது என்பது அந்த விதி. கல்விக் கட்டணத்துக்கு அது பொருந்தலாம். நடக்காத பறக்கும் பயிற்சிக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றோம். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வராது, பயிற்சி மையங்கள் மட்டுமே வரும் என்று தேசிய ஆணையம் 2020-இல் அளித்த தீர்ப்பைக் கல்லூரித் தரப்பு முன்வைத்திருக்கிறது. பணம் வாங்கியது கல்லூரியே அல்ல, ஓர் அறக்கட்டளை என்று அவர்களே ரசீதில் எழுதிக் கொடுத்திருப்பதைத்தான் எங்கள் வழக்கறிஞர் இப்போது பிடித்திருக்கிறார்.

பிள்ளையைச் சேர்க்கும் எண்ணத்தில் இருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். முதலில் மருத்துவச் சான்றை வாங்குங்கள், அதற்கு முன் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிப் பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. கல்லூரி சொல்லும் பள்ளி அதில் இருக்கிறதா, அங்கீகாரம் எந்த நாள் வரை என்று பாருங்கள். பிறகு அந்தப் பள்ளிக்கே நேரில் சென்று இரண்டு நாள் தங்குங்கள். காலை ஆறு மணிக்கு எத்தனை விமானங்கள் கிளம்புகின்றன என்று எண்ணுங்கள். ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளிடம், போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று கேளுங்கள். பறக்கும் கட்டணத்தைப் பயிற்சிப் பள்ளியின் பெயரிலேயே, பறந்த நேரத்துக்கு ஏற்பத் தவணைகளாகச் செலுத்துங்கள். மொத்தமாகத்தான் தர வேண்டும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் மகள் இப்போது வேறொரு பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். பழைய பள்ளி, கல்லூரியிடமிருந்து பாக்கி வராமல் லாக் புக்கில் முத்திரை இடமாட்டோம் என்று ஏழு மாதம் இழுத்தடித்து, வழக்கறிஞர் அறிவிப்புக்குப் பிறகுதான் அந்த 38 மணி 20 நிமிடத்தையும் சான்றளித்துப் பதிவுத் தபாலில் அனுப்பியது. கல்லூரியின் இந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேடு என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்கும் வந்திருக்கிறது. அதன் அட்டையில், எஞ்சின் இல்லாத அந்த விமானத்தின் அருகில் வெள்ளைச் சட்டையும் தோள்பட்டையில் கோடுகளுமாக நிற்பவள் என் மகள். படத்தை நீக்கச் சொல்லி இரண்டு முறை கடிதம் அனுப்பிவிட்டோம். இதுவரை பதில் இல்லை.