சாமான்களோடு வாங்கிய கொடைக்கானல் வீடு: தரகு நிறுவனத்துக்கு மூன்று நட்சத்திரம்

முப்பத்தொரு வருடம் மதுரையில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். ஒரு போல்ட் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெயர். அப்படிப்பட்டவன் கொடைக்கானலில் வீடு வாங்கும்போது நாற்காலியைக்கூட எண்ணவில்லை.

நாயுடுபுரம் பக்கம், இரண்டு படுக்கையறை. கோடையில் வந்து தங்குவதற்காக யாரோ ஆசையாகக் கட்டிய வீடு. துணிப்பையோடு வந்தால் போதும், மற்றதெல்லாம் உள்ளே இருக்கிறது என்றார்கள் தரகு நிறுவனத்தார். மொத்தம் 62 லட்சம், தரகு தனி.

பத்திர வேலையில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, கட்டட அனுமதி வரைபடம் எல்லாம் கேட்பதற்கு முன்பே வந்தன. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் டேப் பிடித்து அளந்தபோது முகம் சுளிக்காமல் மறுமுனையைப் பிடித்தார் அவர்களுடைய பையன். 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி விதிமீறல் கட்டடங்களுக்குச் சீல் வைத்த ஊர் இது. அந்த அளவெடுப்பு எனக்கு முக்கியமாக இருந்தது.

இன்னொரு நல்ல யோசனையும் சொன்னார்கள். கட்டில், சோபா எல்லாம் அசையும் பொருள். பட்டியல் போட்டுத் தனி ரசீதில் 4 லட்சம் காட்டலாம், பத்திரத்தில் 58 லட்சம் போதும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குக் கீழே அது போகவில்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தில் 36,000 ரூபாய் மிச்சம். விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டவேண்டும் என்பதையும் நினைவூட்டினார்கள்.

அந்த மிச்சத்தில் மயங்கித்தான் பட்டியலைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். 'சாப்பாட்டு மேசை 1, அலமாரி 2, மெத்தை 3' என்று இருந்தது. என்ன மரம், எத்தனை வருடப் பழையது என்று ஒரு வார்த்தை இல்லை. என் ஸ்டோரில் இப்படி ஒரு சீட்டு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

வீட்டைப் பார்த்தது பிப்ரவரியில், நல்ல வெயில். சாவி வாங்கியது ஜூலையில். அலமாரியை நகர்த்தினால் பின்பலகை முழுக்கப் பூஞ்சை. பிளைவுட் அப்பளம்போல் உப்பியிருந்தது. மெத்தைகளில் கை வைத்தால் ஈரம். இதெல்லாம் மலையில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வருவதுதான், சரி. ஆனால் பிப்ரவரியில் நாங்கள் உட்கார்ந்து டீ குடித்த தேக்கு மேசை இருந்த இடத்தில் ஒரு கண்ணாடி மேசை நின்றது!

பட்டியலில் மேசை என்றுதானே இருக்கிறது என்றார்கள். நல்லவேளை, என் மனைவி அன்று எடுத்த புகைப்படத்தில் தேக்கு மேசையும் அதைச் சுற்றி ஆறு நாற்காலிகளும் தெளிவாக விழுந்திருந்தன. அதைக் காட்டிய பிறகு பேச்சு மாறியது. பதினோராம் நாள் மேசை வந்தது, ஐந்து நாற்காலிகளோடு.

ஆறாவதைப் பற்றிப் போனில் கேட்டால் நேரில் வரச் சொல்கிறார்கள். நேரில் போவதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது.