ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த தேதி

பிள்ளைக்கு செகண்ட் ஹேண்டில் ஏர் பிஸ்டல் (அழுத்திய காற்றால் சுடும் கைத்துப்பாக்கி) வாங்கித் தரலாம் என்று யோசிக்கிற அப்பா அம்மா யாராவது இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 1,25,000 ரூபாய். தை அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் பேங்கில் ஏறிய அதே வாரத்தில் போனது.

எனக்குப் பாபநாசம் பக்கம் உரக்கடை, கூடவே பதினைந்து மா நிலம். துப்பாக்கிக்கும் எங்கள் குடும்பத்துக்கும் உள்ள ஒரே தொடர்பு, மாமாவிடம் இருக்கும் லைசென்ஸ் ரிவால்வர்தான். 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்து, ஊரே திரண்டு போனதே, அப்போதுதான் திருச்சியில் இப்படி ஓர் இடம் இருப்பதே எங்களுக்குத் தெரியும். அப்புறம் 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். என் மகள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சரி என்று துப்பாக்கி சுடப் பழகும் ஒரு ரேஞ்சில் சேர்த்துவிட்டேன்.

கோச் முதல் நாளே சொன்னார்: “ஆறு மாசம் இங்க இருக்கிற பிஸ்டல்லயே சுடட்டும் சார். கை எப்படி, பார்வை எப்படின்னு தெரிஞ்சப்புறம் வாங்கலாம்.” நான் கேட்கவில்லை. இதில் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

ரேஞ்சுக்கு வரும் இன்னொரு பையனின் அப்பா ஒரு நம்பர் கொடுத்தார். பேசியவர் வாய்க்கு வாய் “அண்ணே” என்றார். ஒலிம்பிக்கில் சுடுகிறவர்கள் வைத்திருக்கும் அதே ஜெர்மன் மாடல், ஒரே ஆள் பயன்படுத்தியது, கூடவே காற்று நிரப்பும் கைப்பம்பு, பத்து டப்பா பெல்லட் (ஈயக் குண்டு), எல்லாம் சேர்த்து இந்த விலை என்றார். அட்வான்ஸ் ஜிபேயில் போட்டபோது வேறு பெயர் வந்தது. கேட்டேன். “தங்கச்சி அக்கவுண்ட்டுண்ணே” என்றார். பில் கேட்டதற்கு, செகண்ட் ஹேண்டுக்கு யார் பில் தருவார்கள் என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். உரக்கடையில் ஒரு மூட்டை யூரியாவுக்குக்கூட பில் போடுகிற ஆள் நான்.

வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். இலை போட்டோம். வத்தக்குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கொல்லையில் மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் மணல் மூட்டைகளை அடுக்கி, குறி பார்த்துச் சுடும் அட்டை ஒட்டி, ஐந்து குண்டு சுட்டுக் காட்டினார். ஐந்தும் கறுப்புக்குள் நெருக்கமாக விழுந்தன. நாங்கள் கை தட்டினோம். அவர் நின்ற இடத்தைப் பல நாள் கழித்து டேப் வைத்து அளந்தேன். ஆறரை மீட்டர். போட்டித் தூரம் 10 மீட்டர்.

மகளுக்கு இடது கை. வந்த கிரிப் (கைப்பிடி) வலது கைக்கானது. இடது கை கிரிப் ஒரு வாரத்தில் கொரியரில் வரும் என்றார். வரவேயில்லை. கடைசியில் தஞ்சாவூரில் வீணை செய்கிற ஆசாரி ஒருவரிடம் போய் நின்றேன். அவர் பிஸ்டலைத் தொடவே யோசித்தார், அப்புறம் மகளின் கையைக் களிமண்ணில் பதியச் சொல்லி அச்சு எடுத்து, பலாக்கட்டையில் ஒரு கிரிப் செதுக்கிக் கொடுத்தார். உள்ளங்கை தாங்கும் பலகை மேல்நோக்கி வளைந்து கையைப் பிடிக்கக்கூடாது என்ற விதியை மட்டும் கோச் எழுதிக் கொடுத்திருந்தார். வந்த சாமான்களிலேயே எனக்குத் திருப்தி தந்தது அது ஒன்றுதான், அதுவும் விற்றவர் கொடுத்ததில்லை.

இனி பெல்லட் கதை. இரண்டு மாதமாகியும் மகளின் ஸ்கோர் ஏறவில்லை. ஒன்பது, பத்து, திடீரென்று ஒரு ஐந்து. அவள் தன் கையைத்தான் நொந்துகொண்டாள். ராத்திரி கூடத்தில் தண்ணீர் நிரம்பிய செம்பைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள், தோள் உறுதிப்படட்டும் என்று. ஒருநாள் கோச் அந்த டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல ஸ்பாஞ்ச் எங்க?” என்றார். போட்டிக்கு உரிய நல்ல பெல்லட் டப்பாவில், ஈயம் ஒன்றோடொன்று மோதி நசுங்காமல் இருக்க மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்களாம். எங்கள் பத்து டப்பாவில் ஒன்றில்கூட இல்லை. லேபிள் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. தலை விட்டம் 4.49 மி.மீ. என்று ஒன்றிலும் 4.50 என்று இன்னொன்றிலும் அச்சாகியிருக்க, லாட் நம்பர் மட்டும் பத்திலும் ஒன்றே.

டப்பாவில் எடை 0.45 கிராம் என்று இருந்தது. அதைச் சோதிக்கக் கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்குத் தாலி செய்துகொடுத்த ஆசாரியிடம் போனேன். அவர் தராசு மில்லிகிராம் வரை காட்டும். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, முத்து எடுக்கும் இடுக்கியால் ஒவ்வொரு குண்டாக எடுத்துத் தட்டில் வைத்தார். காற்றுப் படாமல் இருக்கத் தராசின் கண்ணாடிக் கதவை மூடிவிட்டு எண்ணைப் படித்தார், நான் பேப்பரில் எழுதினேன். கோச் கொடுத்துவிட்ட நல்ல பெல்லட் இருபதும் 0.448-லிருந்து 0.454-க்குள் அடங்கின. எங்களுடையது 0.431, 0.507, 0.462, 0.489 என்று ஊர் சுற்றியது. “தம்பி, தங்கமா இருந்தா இந்தக் கடைக்காரனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்திருப்பேன்” என்றார் ஆசாரி. இரண்டு குண்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும் விளிம்பு ஒரு பக்கம் மடங்கியிருந்ததையும் அவர்தான் லென்ஸ் வைத்துக் காட்டினார். அந்த விளிம்புதான் குழாயின் உள்சுவரை அடைத்துக்கொண்டு குண்டைத் தள்ளும். அது மடங்கினால் காற்று ஒருபக்கமாகக் கசிந்து, குண்டு கோணலாகக் கிளம்பும்.

அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பிஸ்டலை ஸ்டாண்டில் இறுக்கிவைத்து 10 மீட்டரில் கோச் சுட்டுப் பார்த்தார். நல்ல பெல்லட் ஒரே ஓட்டையாக விழுந்தது. எங்கள் பெல்லட் இரண்டு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிதறியது. அதாவது என் மகள் கல் மாதிரி நின்று சுட்டிருந்தாலும் அந்தக் குண்டு பத்தில் விழும் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதம் அவள் அந்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் பெல்லட் காசு போயிற்று என்று விட்டிருப்பேன். அடுத்து ஒரு போட்டி வந்தது. சுடுவதற்கு முன்னால் பிஸ்டலைச் சோதிக்கும் மேஜைக்குக் கொண்டுபோனோம். முதலில் ட்ரிகர். ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். எடைக்கல்லை ட்ரிகரில் கொக்கி போட்டுத் தூக்கினார்கள், பாதி தூக்குவதற்குள் டப்பென்று விட்டுவிட்டது. விற்றவர் “வெண்ணெய் மாதிரி இருக்கும்ணே” என்று பெருமையாகச் சொன்னாரே, அந்த வெண்ணெய்தான். திருகாணியைத் திருகி ஏற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். சரி, நிம்மதி.

அப்புறம் அந்த அதிகாரி குழாய்க்குக் கீழே உள்ள காற்று சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தார். அதில் தேசியக்கொடி ஸ்டிக்கர் சுற்றி ஒட்டியிருந்தது. வாங்கிய அன்றைக்கே மகளுக்கு மிகவும் பிடித்துப்போன ஸ்டிக்கர். “இதை எடும்மா” என்றார். மகள் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெல்ல உரித்தாள். பசை நூல் நூலாக இழுத்தது. அடியில் உலோகத்தில் குத்தியிருந்த எழுத்து தெரிந்தது: 2011, மூன்றாம் மாதம். இந்தச் சிலிண்டர்களுக்கு அதிகபட்சம் 10 வருடம்தான் ஆயுள், காலம் கடந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது சுடுகிறவர் பொறுப்பு என்று சர்வதேச விதியே சொல்கிறது. 200 பார் அழுத்தம் நிரப்பி முகத்துக்கு நேரே பிடிக்கிற சாமான். டூவீலர் டயரில் நாம் அடிக்கிற காற்று மூன்று பார்கூட வராது. நான்கு வருடத்துக்கு முன்பே காலாவதியான உருளையில் அந்த 200 பாரை அடைத்துத்தான் தினம் என் மகள் கையில் கொடுத்திருந்தேன்.

அன்றைக்கு அவள் சுடவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். திருவெறும்பூர் தாண்டியதும், “அப்பா, ஸ்டிக்கரை ஒட்டினவங்களுக்கு அது தெரியும்ல?” என்று மட்டும் கேட்டாள்.

பம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊருக்கு மிக முக்கியம். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். நல்ல பம்பில் ஈரத்தை உறிஞ்ச ஃபில்டர் இருக்கும். எங்களுக்கு வந்ததில் அந்த இடம் காலி. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் பம்பின் காற்றைத் திறந்துவிட்டபோது வாய்க்கு நேரே கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தேன். பன்னீர் தெளித்த மாதிரி நனைந்தது. அத்தனையும் சிலிண்டருக்குள்ளும் வால்வுக்குள்ளும் போயிருக்கிறது.

பம்பு கசிய ஆரம்பித்ததும் விற்றவருக்குப் போன் செய்தேன். “ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கண்ணே.” நல்லவேளை, விடவில்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை அழுத்தின சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது என்பது பம்ப்செட் ஓட்டுகிற நம் எல்லோருக்கும் தெரியும். உயர் அழுத்தக் காற்றுள்ள பம்பில் சாதாரண எண்ணெய் விட்டால் அதே கதைதான். இதற்கென்று சொல்லியிருக்கும் சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான் போட வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் விஷயம் வேறு பக்கம் போனது. திருப்பித் தர வழியில்லை, ஆனால் பதிலுக்கு ஒரு நல்ல சாமான் தருகிறேன் என்று படம் அனுப்பினார். கைப்பிடி வைத்த ஓர் இரும்பு பிரஸ், சுட்ட தோட்டாவைத் திரும்ப உருவமைக்கும் டைகள் (அச்சுகள்), ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு பை நிறையக் காலித் தோட்டா. சாப்பிட வந்த அன்று மாமாவின் .32 ரிவால்வர் பற்றிப் பேச்சு வந்திருந்தது. “தோட்டா விலை ஏறிப்போச்சு, இதுலயே நிரப்பிக்கலாம், ஆரம்பிக்கிறவங்களுக்கு இது போதும்” என்கிறார்.

மாமாவிடம் காட்டினேன். அவர் போனை என் கையிலேயே திருப்பித் திணித்துவிட்டு, “இந்தப் படத்த அழிக்காத. ஆனா அவன்கிட்ட ஒரு எழுத்து பதில் போடாத” என்றார். சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீலிடமும் கேட்டுக்கொண்டேன். 1959 ஆயுதச் சட்டத்தில் ‘அம்யூனிஷன்’ (தோட்டா வகைகள்) என்பதற்குள் அதைத் தயாரிக்கும் இயந்திரமும் வந்துவிடுகிறது. அதாவது மருந்தே இல்லாவிட்டாலும் அந்த பிரஸ் வீட்டில் இருப்பதே வம்பு. ரிவால்வர் வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருந்தால் அதில் எழுதிய அளவுக்குத் தோட்டா வாங்கலாம். தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம், ஆயுள் வரை போகலாம். 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல் வேறு கணக்கு. அதன் சக்தி ஐந்தாறு ஜூல்தான், 20 ஜூலுக்கு உட்பட்டதால் லைசென்ஸ் கேட்பதில்லை. இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்கிற ஆள் என்ன ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை விடுங்கள், அந்தத் தராசு விளம்பரப் படத்தில் 0.1 கிராம் வரை காட்டும் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அமெரிக்காவில் அனுமதியோடு இதைச் செய்கிறவர்கள் மருந்தை கிரெயின் கணக்கில், அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்கிறார்கள். அது ஆறரை மில்லிகிராம். .32 தோட்டாவுக்குள் போகிற மருந்து கால் கிராம்கூட இருக்காது. அதை 0.1 கிராம் தராசில் நிறுத்தால் ஒன்றில் மிகக் குறைந்தும் இன்னொன்றில் மிகக் கூடியும் விழலாம். மருந்து மிகக் கூடிய தோட்டா ரிவால்வரோடு விரலையும் கொண்டுபோகலாம். நம்ம கும்பகோணம் ஆசாரி மூக்குத்திக் கல்லைக்கூட அப்படி நிறுக்க மாட்டார்.

இப்போது நிலவரம் இதுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆனால் பில் இல்லை. என் கையில் இருப்பது ஜிபே ரசீது, வாட்ஸாப் பேச்சு, ஆசாரி படிக்கப் படிக்க நான் எழுதிய எடைப் பேப்பர், அவ்வளவுதான். ஜிபே ரசீதில் இருக்கும் அந்தத் தங்கச்சி யார் என்றே தெரியாது என்று எதிர்த்தரப்பு சொல்கிறதாம்.

நீங்கள் வாங்கப் போனால் பிஸ்டலைப் பார்த்து மயங்குவதற்கு முன் சிலிண்டரைக் கழற்றித் தேதியைப் பாருங்கள், மேலே என்ன ஒட்டியிருந்தாலும் உரித்துவிட்டுப் பாருங்கள். 10 மீட்டரை உங்கள் டேப்பால் அளந்து உங்கள் பெல்லட்டால் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோச்சையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வர மறுத்தால் ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள். அப்புறம், ஈயம் தொட்ட கையோடு பிள்ளைகளை முறுக்கு தின்ன விடாதீர்கள். எங்கள் ரேஞ்சில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான்.

புது சிலிண்டர் 19,000 ரூபாய் ஆனது. வால்வைப் பிரித்துத் துருவைச் சுத்தம் செய்ய இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மகள் இப்போது கிளப் பிஸ்டலில்தான் சுடுகிறாள். முதல் நாள் கோச் சொன்ன அதே பிஸ்டல். பலாக்கட்டைக் கிரிப் அதற்குப் பொருந்தாததால் அதை மேஜை மேல் பேனா ஸ்டாண்ட் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.