"பெர்மனன்ட் ஷோரிங் இருக்கு சார், உள்சுவர் மெலிசா போதும்": நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

தரை வீட்டை இடித்துக் கட்டப்போகிறவர்கள், அதிலும் சரிவான மனையில் பேஸ்மென்ட் எடுப்பவர்கள், இதைப் படித்துவிட்டு ஒப்பந்தம் போடுங்கள்.

எங்கள் வீடு சிங்கப்பூரில் அப்பர் புக்கிட் தீமா பக்கம். பின்புறம் மேடு, அதைக் குடைந்து மூன்று மீட்டர் ஆழத்தில் ஓர் அறை. வரைபடம், பலம் பார்க்கும் கணக்கு, கட்டுமானம் எல்லாம் ஒரே கான்ட்ராக்டரின் பேக்கேஜ். பொறியாளரும் அவர் கூட்டிவந்தவர்தான். மண் சரியாமலிருக்க எச் வடிவ இரும்பு பீம்களை இறக்கி இடையில் மரப்பலகை சொருகினார்கள். இதைத்தான் ஷோரிங் என்கிறார்கள். "இதை எடுக்கப்போறதில்லை சார், மண்ணை இதுவே தாங்கிக்கும். உள்சுவர் 150 மில்லிமீட்டர் போதும், உங்களுக்குத்தான் காசு மிச்சம்" என்றார் கான்ட்ராக்டர். பில்லில் அந்த மிச்சத்தைத் தேடினேன், காணோம். அது வேறு கதை.

குடிபோன வருடம் டிசம்பர் மழையில் சுவரின் அடியில் ஈரம் கண்டு பெயின்ட் கொப்பளித்தது. வந்த ஆள் "கன்டென்சேஷன்" என்று சொல்லி, வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலத்தில் பாதி உயரத்தில் படுக்கைவாட்டில் ஒரு விரிசல். நீள மட்டப்பலகையை நிறுத்திப் பார்த்தால் சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது.

என் மச்சினன் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) வேலைத்தளத்தில் பொறியாளர். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "அத்தான், கணக்குல ஷோரிங் பெர்மனன்ட். ட்ராயிங்குல அதே பீமுக்கு டெம்பரரின்னு போட்டிருக்கான்" என்றான்.

அதாவது, மண்ணழுத்தம் முழுவதையும் பீம்கள் தலையில் கட்டிவிட்டு உள்சுவருக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். பீமை நிரந்தரம் என்று எடுத்தால், கட்டடத்தின் ஆயுளுக்குள் துரு தின்னும் கனத்தைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பலம் பார்க்க வேண்டும். கழிக்கவில்லை. பலகை மக்கினால் பின்னாலிருக்கும் மண் நேராகச் சுவருக்கு வரும். அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை: தோண்டும்போது கொடுத்த முட்டுகளைக் கழற்றியதுமே பீம்கள் முன்னால் வளைந்து சுவர்மேல் சாயும். ஷோரிங்கை நம்பாத சுவர் என்றால், மேலும் கீழும் தளம் பிடித்திருப்பதால் அது நகர முடியாது. நகராத சுவருக்குரிய முழு மண்ணழுத்தத்தையும் அதற்குக் கொடுத்திருக்க வேண்டும். 30 டிகிரி உராய்வுக் கோணமுள்ள மண்ணில் (மண் சரியாமல் தன்னைத்தானே பிடித்துநிற்கும் திறனின் அளவு அது), சற்று நகரக்கூடிய சுவரைவிட இது ஒன்றரை மடங்கு.

தண்ணீர்தான் இன்னும் மோசம். பலகை இடுக்கு வழியாக வந்து உள்சுவரில்தான் நிற்கும். பலகைக்குப் பதில் வரிசையாகப் பைல் (மண்ணுக்குள் இறக்கும் தூண்) இறக்கினாலும் இடுக்கு இருந்தால் இதே கதைதான். மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் நாலரை டன் தள்ளும். எங்கள் கணக்கில் தண்ணீர் என்ற பேச்சே இல்லை. பின்னால் வடிகால் அடுக்கும் வைக்கவில்லை.

"அரசாங்கத்தில் பார்த்து அனுமதித்திருப்பார்களே" என்று நினைக்க வேண்டாம். 2004இல் நிக்கல் நெடுஞ்சாலையில் எம்ஆர்டிக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து நால்வர் இறந்தபின் விதிகள் இறுகின, உண்மைதான். ஆனால் மண்ணியல் பொறியாளர் தனியாகக் கையெழுத்திட வேண்டும் என்ற விதி 6 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்துக்கு. நம் வீட்டு பேஸ்மென்ட் பெரும்பாலும் அந்த வலையில் சிக்காது.

இப்போது கான்ட்ராக்டர் "டிஃபெக்ட்ஸ் காலம் முடிந்துவிட்டது" என்கிறார், அதாவது குறைகளை அவரே சரிசெய்து தரவேண்டிய காலம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைதான் கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. உள்ளே 300 மில்லிமீட்டரில் புதுச் சுவர் எழுப்ப அது காணாது, அதனால் வக்கீலிடம் போயிருக்கிறேன்.

நீங்கள் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே கணக்கின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கட்டடத்தின் ஆயுள் முழுக்க மண்ணை எது தாங்குகிறது, தண்ணீரை எது தாங்குகிறது என்று பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். கான்ட்ராக்டர் கூட்டிவராத இன்னொரு பொறியாளரிடம் அதைக் காட்டிவிடுங்கள். அதற்கான கட்டணம் எங்கள் வக்கீல் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.