அல்சூர் ஏரிக்கரையில் கிம்பலும் இன்டர்வெலோமீட்டரும்

பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட அல்சூர் திருவள்ளுவர் சிலையை நோக்கி நடந்தபடியே எடுக்கும் 12 நொடி ஹைப்பர்லாப்ஸ் (கேமராவை இடம் நகர்த்திக்கொண்டே எடுத்ததை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோ) ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. அதற்காகப் பெங்களூரில் ஒரு வாடகைக் கடையிலிருந்து மிரர்லெஸ் கேமராவை மோட்டார்களால் ஆடாமல் தாங்கும் கைப்பிடியான மூன்று அச்சு கிம்பலை இரண்டு நாளுக்கு எடுத்தேன். சில நூறு ரூபாய்க்கு முன்பே வாங்கி வைத்திருந்த, குறித்த இடைவெளியில் ஷட்டரைத் தானாக இயக்கும் கம்பிவழி இன்டர்வெலோமீட்டரும் கையில் இருந்தது. கடையில் எந்த நிறுவனத்தின் கிம்பல் கிடைக்கும் என்பது அன்றைய கையிருப்பைப் பொறுத்தது. அந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துவதையே எழுதுகிறேன் என்பதால் பெயர் தேவைப்படவில்லை.

முதல் மாலை கிம்பலை மட்டும் நம்பினேன். சுமார் 90 மீட்டர் தூரத்தை 80 நொடியில் மெதுவாக நடந்து வீடியோவாக எடுத்தபோது திரையில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போவதுபோலத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அதை ஏழு மடங்கு வேகப்படுத்தியதும், காலடிக்கு ஒன்றாக இருந்த மெல்லிய ஏற்ற இறக்கம் நடுக்கமாக மாறிவிட்டது. இதைக் கிம்பலின் பழுது என்று சொல்ல முடியாது. சுழற்சியை உணரும் கைரோஸ்கோப் சொல்வதைக் கேட்டு மோட்டார்கள் திருத்துவது கேமராவின் சுழற்சியை மட்டுமே: இடவலத் திரும்பல், மேல்கீழ்ச் சாய்வு, பக்கவாட்டுச் சரிவு. நடப்பவரின் தோளோடு சேர்ந்து கேமரா முழுவதுமாக ஏறி இறங்குவதை மூன்று அச்சுகளில் எதுவும் தடுக்காது. சாதாரண வேகத்தில் கண் மன்னித்துவிடும் அந்த அசைவை ஹைப்பர்லாப்ஸ் மன்னிப்பதில்லை.

கிம்பலின் செயலியில் ‘ஹைப்பர்லாப்ஸ்’ என்றே ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் தொடக்கக் கோணத்தையும் முடிவுக் கோணத்தையும் குறித்துக்கொண்டு, சிறிது திரும்பி, நின்று, ஷட்டரைத் தட்டி, மறுபடி திரும்புகிறது. நேர்த்தியான வேலைதான். ஆனால் கேமரா நின்ற இடத்திலேயே நிற்கும்போது கிடைப்பது திரும்பும் டைம்லாப்ஸ். அதற்கு ஹைப்பர்லாப்ஸ் என்று பெயரிட்டு விற்பது வாங்குபவரைக் குழப்பும்.

மென்பொருளால் சரிசெய்யலாமே என்று கேட்கலாம். 2015இல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் வெளியிட்ட முறை, பத்துக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு ஃபிரேம்களை எடுக்காமல், அடுத்தடுத்து வைத்தால் குறைவாக ஆடும் ஃபிரேம்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. நடந்து எடுத்த வீடியோவுக்கு அது நல்ல மருந்து. ஆட்டத்தைக் குறைக்கும் மென்பொருளான வெறும் ஸ்டெபிலைசரோ ஓரங்களை வெட்டித்தான் ஆட்டத்தை மறைக்கும். 4கே வீடியோவில் வெட்டினால் தெளிவு குறையும். 24 மெகாபிக்சல் புகைப்படத்தின் அகலம் 6000 பிக்சல், 4கேக்கு வேண்டியது 3840; வெட்டுவதற்கு மிஞ்சும் இந்த இடைவெளிக்காகவே படம் படமாக எடுப்பது மேல்.

மறுநாள் காலை ட்ரைபாடையும் இன்டர்வெலோமீட்டரையும் கொண்டு போனேன். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 12 நொடிக்கு 300 படங்கள். படத்துக்கு 30 செ.மீ. நகர்ந்தால் அதே 90 மீட்டர். 10 நொடிக்கு ஒருமுறை ஷட்டர் தானாக விழும்படி அமைத்து, கீழே சாக்கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் திரையின் நடுக்கட்டத்தைச் சிலையின் முகத்தில் பொருத்தினேன். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, ரோடு அகலப்படுத்தப் போறாங்களா?” என்று கவலையோடு கேட்டுவிட்டுப் போனார்.

இங்கேதான் இன்டர்வெலோமீட்டர் என்ற அந்த எளிய கருவியின் அருமை தெரிந்தது. ஷட்டரை விரலால் அழுத்தும்போது ஏற்படும் அதிர்வு இல்லை. அதைவிட முக்கியமாக, 10 நொடி என்ற தாளம் மாறாததால், ஒரு படத்தில் நேரம் கடத்தி அடுத்ததில் அவசரப்படும் என் பழக்கம் அடங்கியது. மேகங்களும் வாகனங்களும் சீரான வேகத்தில் நகர்ந்தன. அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, வொயிட் பேலன்ஸ், ஃபோகஸ் என்ற நான்கு கேமரா அமைப்புகளையும் மேனுவலில் பூட்டிவிட வேண்டும்; ஒன்றை ஆட்டோவில் விட்டாலும் வீடியோ மினுக்கும். 1/125 நொடி ஷட்டரை, வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி64 ஃபில்டர் ஏறக்குறைய அரை நொடியாக்குவதால், போகிறவர்கள் துள்ளித் துள்ளிப் போகாமல் இழைந்து போகிறார்கள்.

குறை நேரம்தான். 300 படங்களுக்கு 50 நிமிடம்; அதற்குள் வெயில் ஏறிவிட்டது, கடைசி நூறு படங்களின் வெளிச்சம் முதல் நூறோடு ஒட்டவில்லை.

இரண்டாம் மாலை இரண்டையும் சேர்த்தேன். கிம்பலை மோனோபாடின் (ஒற்றைக்கால் தாங்கி) தலையில் பொருத்தி, ஷட்டரை இன்டர்வெலோமீட்டரிடமே விட்டேன். மோனோபாட் உயரத்தை மாறாமல் வைத்தது; அடிவான மட்டத்தைக் கிம்பல் பார்த்துக்கொண்டது; எனக்கு மிஞ்சியது கோட்டில் ஊன்றிச் சிலையின் முகத்தைப் பொருத்துவது மட்டுமே. அரை நொடி ஷட்டரில் மோனோபாட் ஆடி ஏழெட்டுப் படங்கள் வீணாயின என்றாலும், இடைவெளி 5 நொடியாகக் குறைந்தது. 25 நிமிடத்தில், விளக்குகள் ஏற்றுவதற்குள் முடித்துவிட்டேன். ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர் மென்பொருளைக் குறைந்த அளவில் ஒருமுறை ஓட்டியதே போதுமானதாக இருந்தது.

ஆகவே இன்டர்வெலோமீட்டரை வாங்கிவிடுங்கள். கிம்பலை, வெளிச்சம் விரைந்து மாறும் வேளைகளுக்கு மட்டும், நாள் வாடகைக்கு எடுங்கள்; பகல் நிழலில் நிதானமாக எடுப்பவருக்கு ட்ரைபாடே போதும். வாங்கும்போது கம்பியின் முனையைப் பாருங்கள்: கேனானின் சிறிய கேமராக்கள் பலவற்றுக்கு 2.5 மி.மீ. பின், சோனியின் கேமராக்கள் பலவற்றுக்கு மல்டி டெர்மினல் என்ற அதன் சொந்த முனை. முனை மாறிப்போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்ப நடக்க வேண்டியதுதான்; நான் நடந்தேன்.