ரீச்சர் ஒன்று சொல்ல, ஃபோன் ஒன்று சொல்ல

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட கொமினிகேஷன், அதாவது கடிதம் அடித்துப் பிரதி எடுத்துக் கொடுக்கும் கடை, வைத்திருக்கிறேன். போன கிழமை நிலாவெளி ஹோட்டல் ஒன்றுக்கு வேலை விண்ணப்பம் அடிக்க ஒரு பிள்ளை வந்தது. ரியூஷன் ரீச்சர் சிவப்புப் பேனையால் திருத்திய தாள் ஒரு கையில், வேறு மாதிரித் திருத்திக் காட்டும் ஃபோன் மறு கையில். "அண்ணா, இதில எது சரி?"

முதல் இழுபறி படிப்பைப் பற்றிய வரியில். ரீச்சர் பக்கம் "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் ஏ லெவல் இன் 2021". ஃபோன் பக்கம் "ஐ கம்ப்ளீட்டட்". ஃபோனுக்குத்தான் வெற்றி. முடிந்துபோன ஆண்டைச் சொல்லிவிட்டால் அங்கே "ஹேவ்" நிற்காது. தமிழில் சொல்லிப் பார்த்தாலே பிடிபடும். "கோணேசர் கோயிலுக்குப் போயிருக்கிறேன்" என்போம், "நேற்றுப் போனேன்" என்போம். "நேற்றுப் போயிருக்கிறேன்" என்றால் காதில் இடிக்கிறது அல்லவா? அதே இடிதான் அங்கேயும்.

ஆனால் "சின்ஸ் 2021" என்று வந்தால் ஆட்டம் மாறும். அன்று தொடங்கிய வேலை இன்றும் ஓடுகிறது, ஆகவே "ஐ ஹேவ் வொர்க்ட்" அல்லது "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்". இங்கே தமிழே காலை வாரிவிடும். "2021இல் இருந்து வேலை செய்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால் "ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ்" என்று கை தானாக எழுதிவிடுகிறது. என்னிடம் வரும் விண்ணப்பங்களில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

அடுத்தது "ஆர்கனைஸ்". ரீச்சர் எஸ் போட்டிருந்தார், ஃபோன் இஸட் கேட்டது. இஸட் என்றாலே அமெரிக்கா என்று பலர் நினைக்கிறார்கள். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகமும் இஸட்தான் போடுகிறது! இரண்டும் பிழையில்லை, ஆனால் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது. நம் பள்ளிக்கூடங்களில் பழகியது எஸ், ஆகவே நான் ரீச்சர் பக்கம். ஃபோனில் மொழியை பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டால் பாதித் தொல்லை தீரும். அப்புறம் சாரதி அனுமதிப்பத்திரமான "லைசென்ஸ்" இருக்கிறதே, அதற்கு பிரிட்டிஷ் முறையில் கடைசி ஈ எழுத்துக்கு முன்னால் சீ. வினைச்சொல்லானால் எஸ். அமெரிக்கர்களுக்கு எல்லாமே எஸ்.

ரீச்சர் கடுமையாக வெட்டியிருந்தது "இஃப் எ கெஸ்ட் லூசஸ் தெயர் கீ" என்பதை. ஒரு விருந்தினருக்கு எப்படிப் பன்மைச் சொல்லான "தெயர்" வரும், "ஹிஸ் ஓர் ஹேர்" என்று எழுது என்கிறார். ஃபோன் அதைத் தொடவில்லை. நானும் ஃபோனோடுதான். ஒருவரைக் குறிக்க "தே" வருவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிற வழக்கம். "யூ" என்பதும் ஒரு காலத்தில் பன்மைதானே, இப்போது ஒருவரிடமும் "யூ ஆர்" என்கிறோம். ஒற்றை ஆளை "நீங்கள்" என்று கூப்பிடும் நமக்கு இதில் என்ன அதிர்ச்சி?

"டிஸ்கஸ் அபவுட்" ரீச்சரின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஃபோன் "அபவுட்"டை வெட்டியது, சரி. "அதைப் பற்றி" என்ற நம் "பற்றி" அங்கே ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது.

"லுக் ஃபோர்வர்ட் டு ஹியர்" என்பதை "ஹியரிங்" ஆக்கியது ரீச்சர். அதில் அவருக்கு முழுப் புள்ளி. "டு"வுக்குப் பின்னால் "யுவர் ரிப்ளை" போட்டுப் பாருங்கள், பொருந்தும். பெயர்ச்சொல் பொருந்துகிற இடம் என்பதால் "ஹியர்" என்று மொட்டையாக வராது.

கடைசியில் "யுவர்ஸ் சின்சியர்லி"யா, "ஃபெய்த்ஃபுலி"யா என்பது மட்டும் மிச்சம். மனேஜரின் பெயர் தெரியுமா என்று கேட்டேன். பிள்ளை தலையாட்டியது, தெரியாது. கடிதம் "டியர் சேர்" என்றுதான் தொடங்கியிருந்தது. அப்போ "ஃபெய்த்ஃபுலி" என்று அடித்து, இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.