கனடா கேட்ட இரண்டு மன்னிப்புகள்: தலைவரியும் உறைவிடப் பள்ளியும்

கனடா நாடாளுமன்றத்தில் 2006இல் சீனக் குடியேறிகளிடமும் 2008இல் பூர்வகுடிகளிடமும் மன்னிப்புக் கேட்டார் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

சீனர்களைத் தடுக்கப் பணத்தைப் பயன்படுத்தினார்கள். நாட்டுக்குள் வரும் சீனர் ஒவ்வொருவரும் கட்டவேண்டிய தலைவரி 1885இல் 50 டாலர், 1903இல் 500. 1923இல் கதவையே சாத்திவிட்டார்கள். 1947 வரை கணவன் இங்கே, மனைவி அங்கே என்று கிடந்த குடும்பங்கள் ஏராளம். 2006 மன்னிப்போடு ஈடாக, வரி கட்டி உயிரோடிருந்தவருக்கும் இறந்தவரின் துணைக்கும் தலா 20,000 டாலர். அதற்குள் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது பிள்ளைகளையே, சுமார் 1,50,000 பேரை. அவர்களின் மொழியையும் பண்பாட்டையும் மறக்கடிக்க உறைவிடப் பள்ளிகளில் சேர்த்தார்கள். 1973இல் ஆறு வயது ஃபிலிஸ் வெப்ஸ்டாட், பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆசையாகப் பள்ளிக்குப் போனார். போனதுமே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திருப்பித் தரவே இல்லை. செப்டம்பர் 30 அன்று நாடு முழுக்க ஆரஞ்சு சட்டை அணிவது அதனால்தான்.

இந்தப் பள்ளிகளில் இருந்தவர்கள் நீதிமன்றம் ஏறிப் போராடி இழப்பீடு பெற்றார்கள்: பள்ளியில் இருந்த முதல் ஆண்டுக்கு 10,000 டாலர், அடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000. அப்புறம் ஆணையம் ஒன்று ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்டது. 2015இல் 94 பரிந்துரைகளைத் தந்தது.

எனக்கு இரண்டாவது வழிதான் சரி. நொந்தவரை உட்காரவைத்து முழுக்கக் கேட்டார்களே, அது பெரிய விஷயம். ஆனாலும் பரிந்துரைகளில் பல இன்னும் காகிதத்தில்தான் இருக்கின்றன. சில பூர்வகுடிக் குடியிருப்புகளில் இன்றும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார்கள்.