டூரெட் பிள்ளைகளுக்கான சிபிஐடி பயிற்சி: பள்ளி மாறும்போது தாங்குமா?

டூரெட் என்பது, கட்டுப்பாடின்றித் திரும்பத் திரும்ப அசைவோ ஒலியோ (டிக்) வரும் நரம்புக் கோளாறு. சிபிஐடி அதற்கான நடத்தைப் பயிற்சி: 10 வாரங்களில் 8 அமர்வுகள், மாத்திரை இல்லை. டிக் வருமுன் எழும் உறுத்தலைப் பிள்ளை கண்டுகொள்ளப் பழகுகிறது. கழுத்து வெடுக்கென இழுத்தால், தாடையை லேசாகத் தாழ்த்தி, கழுத்துத் தசையை இறுக்கி, ஒரு நிமிடமோ உறுத்தல் அடங்கும்வரையோ அப்படியே இருக்க வேண்டும். தொண்டைச் செருமலுக்கு, மூக்கால் மெல்ல மூச்சு. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 9 முதல் 17 வயதுள்ள 126 பேர் பங்கேற்றார்கள். இப்பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கு மேல் தேறினார்கள். நம்பிச் சேர்க்கலாம்.

சறுக்குவது புதுப் பள்ளியில்தான். பதற்றம் டிக்கைக் கூட்டும். "நிறுத்து" என்று ஆசிரியர் அதட்டினால் இன்னும் கூடும். சேரும் நாளுக்கு முன்பே ஒரு பக்கக் கடிதம் போகட்டும்: என்னென்ன டிக், வேண்டுமென்று செய்வதல்ல, கண்டுகொள்ள வேண்டாம், கேட்டால் இரண்டு நிமிடம் வெளியே விடுங்கள், தேர்வுக்குத் தனி அறை. அதைச் சிகிச்சையாளர் எழுதித் தருவாரா என்று முதல் அமர்விலேயே கேளுங்கள்.